பன்றி தின்னாத இருபத்தொரு கச்சான் செடிகள்

ஓய்வூதியம் பெறுகிறவர்கள் ஆண்டுக்கொரு முறை, தாங்கள் இன்னும் உயிரோடு இருப்பதைக் கந்தோரில் போய் நிரூபிக்க வேண்டும். இந்த முறை பல்லேபொலை அலுவலகத்தில் என் படிவத்தை வாங்கிப் பார்த்த பெண்பிள்ளை வேலைக்குப் புதியவள்.

"என்ன வேலை பார்த்தீங்க ஐயா?" என்று கேட்டாள்.

"கச்சான் செடியோட உயரம் அளந்தேன்மா."

அவள் பேனாவைத் தாளில் வைத்தபடியே காத்திருந்தாள். "சரிங்க. வேலை?"

"அதுதாம்மா வேலை."

"எவ்வளவு காலமா?"

"முப்பத்தோரு வருஷம்."

என்னை ஒருமுறை பார்த்தாள். பக்கத்தில் யாராவது துணைக்கு வந்திருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்தாள். பிறகு 'விவசாயம்' என்று எழுதி முத்திரை குத்தினாள். நான் உயிரோடு இருப்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அதே கிழமையில் நஸ்ரினா தொலைபேசியில் பேசினாள். நான் கச்சான், அதாவது நிலக்கடலை, அளந்த ஆராய்ச்சிப் பண்ணையில் இப்போது அவள் இளம் உத்தியோகத்தர். "ஐயா, இப்ப நாங்க விதைக்க முன்னமே விதையில ஒரு துணுக்குச் சுரண்டி அனுப்பிடுறோம். செடி நெட்டையா வருமா குட்டையா வருமாண்டு கடதாசியில வந்துடும். ஒங்கட காலத்துல எல்லாம் வளரும் வரைக்கும் பார்த்துக்கிட்டு இருந்தீங்களாமே? அத எப்பிடிச் செஞ்சீங்கண்டு எழுதித் தாங்களேன்" என்றாள்.

எப்படிச் செய்தோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பன்றியை விட்டுவிட்டு அதை எழுத முடியவில்லை.

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் பாதையை விட்டு உள்ளே போனால் அந்தப் பண்ணை வரும். பெயர் வேண்டாம். என்னுடைய பெயர் பெரியசாமி, உயரம் ஐந்து அடி ஒரு அங்குலம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துச் சிரிக்காதவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. மாத்தளைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, சாதாரண தரம் வரை படித்து, புல்லுப் பிடுங்கும் நாட்கூலியாகத்தான் பண்ணைக்குள் போனேன். ஒரு நாள் ஆராய்ச்சி உத்தியோகத்தர் பரமலிங்கம் மிஸ் வரப்பில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"உங்கட உயரம் எத்தினை?"

கேலி செய்கிறார் என்று நினைத்துத் திரும்பவும் புல்லுப் பிடுங்கக் குனிந்தேன்.

"வெக்கப்படாதேங்கோ. முந்தி அளந்தவர் ஆறடி. குனிஞ்சு குனிஞ்சு நாரி பிடிச்சு, இடுப்பு நோவோடை இப்ப லீவிலை நிக்கிறார். உங்களுக்குக் குனியிற தூரம் குறைவு."

அப்படித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. வேறு எந்தத் தகுதியும் அன்றைக்கு என்னிடம் இல்லை.

வேலை பழகிய இரண்டு ஆண்டுகளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஒரே செடியை மூன்று தடவை அளந்து, மூன்று தடவையும் ஒரே எண் வரும் வரைக்கும் மிஸ் அடுத்த செடிக்குப் போகவிடமாட்டார். அவ்வளவுதான் பயிற்சி. யாழ்ப்பாணத்துக்காரர். பரமலிங்கம் தகப்பனாரின் பெயர். கல்யாணம் செய்யவில்லை. பொய்க்கோபம், விளையாட்டுப் பேச்சு இரண்டும் தெரியாது. எனக்குப் பெண்குழந்தை பிறந்த செய்தியைச் சொன்னபோது, பெயரைக் கேட்கும் முன்னால் "நீளம் எத்தினை?" என்றுதான் கேட்டார். நான் சொன்னதும், "நீங்கள் அளந்ததோ, ஆசுப்பத்திரியிலை அளந்ததோ?" என்றார்.

செடியை அளப்பதில் ஒரு முறை இருந்தது. காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் இலை துவண்டு நுனி சாயும். அளவு மண்ணிலிருந்து தொடங்காது. மண் மழைக்குக் கரையும், களை எடுத்தால் குவியும், அதை நம்ப முடியாது. விதை பிளந்து முதலில் வந்த இரண்டு தடித்த இலைகள் இருந்த கணு ஒன்று அடித்தண்டில் தெரியும். அங்கேதான் அளவுகோலின் பூச்சியம். அங்கிருந்து நடுத்தண்டின் நுனி மொட்டு வரைக்கும். இலை எவ்வளவு உயர்ந்து நின்றாலும் அது கணக்கில்லை. பக்கக் கிளை நடுத்தண்டை விட ஓங்கி வளர்ந்திருந்தாலும் அதுவும் கணக்கில்லை. ஒருவர் எண்ணைச் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். நான் ஒரு தடவை "சுமார் முப்பத்திரெண்டு மிஸ்" என்று சொல்லிவிட்டேன். அவர் எழுதவில்லை.

"சுமார் எண்டு இந்தக் கோலிலை எங்கை இருக்கு? காட்டுங்கோ."

இவ்வளவும் எதற்கு என்று நஸ்ரினாவுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மிஸ் ஒரு நெட்டைக் கச்சானையும் ஒரு குட்டைக் கச்சானையும் கலந்திருந்தார். பிறந்த முதல் தலைமுறை முழுக்க நெட்டை. குட்டை எங்கே போனதென்றே தெரியாது. அந்த நெட்டைகளின் விதையைத் திரும்ப விதைத்தால், அடுத்த தலைமுறையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டை திரும்பவும் தலைகாட்டும். எத்தனைக்கு ஒன்று என்பதுதான் கேள்வி. நாலுக்கு ஒன்று குட்டை என்றால் உயரத்தை ஆள்வது ஒரு சோடி மரபணு. பதினாறுக்கு ஒன்று என்றால் இரண்டு சோடி. பதினொரு போகமாக மிஸ் இதையே எண்ணிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது போகத்தில் பதினான்கு வரிசை, வரிசைக்கு இருபத்துநாலு செடி, ஆக முந்நூற்று முப்பத்தாறு செடிகள் முளைத்தன. அதில் குட்டை இருபத்தொன்று.

பதினாறுக்கு ஒன்று, துல்லியமாக. நான் சந்தோஷத்தில் கையைத் தட்டினேன். மிஸ்ஸின் முகம் வாடியது.

"இவ்வளவு சரியா வந்தால் எனக்குப் பயமாயிருக்கு பெரியசாமி. இன்னொருக்கா எண்ணுங்கோ."

நான்கு தடவை எண்ணினோம். இருபத்தொன்றுதான். ஒவ்வொரு குட்டைச் செடியின் அருகிலும் ஒரு குச்சியில் சிவப்புத் தகடு கட்டினோம். தகட்டு எண் வரிசைப்படி போடவில்லை, கண்ணில் பட்ட ஒழுங்கில் போட்டோம். முதலாவது தகடு ஒன்பதாம் வரிசையில் நிற்கும், இரண்டாவது தகடு மூன்றாம் வரிசையில் நிற்கும். எந்தத் தகடு எங்கே நிற்கிறது என்பது மிஸ்ஸின் கொப்பியில் இருந்தது. என்னிடம் இருந்த கொப்பியில் தகட்டு எண்ணும் உயரமும் மட்டும்தான்.

செடிகளுக்கு ஐம்பது நாள் ஆனபோது மிஸ் பேராதனைக்கு ஒரு பயிற்சிக்குப் போனார். கொப்பியையும் கொண்டுபோனார். அவர் போன மூன்றாம் நாள், பண்ணை முகாமையாளர் ஹேரத் மாத்தயா வியர்த்து வழிந்தபடி என்னிடம் வந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. பயந்த மனிதர்.

"பெரியசாமி, நாளைக்கு கொழும்புல இருந்து பெரியவர் வாறார்."

அந்தப் பெரியவர் எந்தப் பதவியில் இருந்தார் என்று எழுதமாட்டேன். முந்தின கிழமை ஒரு கோழிப் பண்ணைக்குப் போய், முட்டை சிறிதாக இருக்கிறதென்று எல்லோருக்கும் முன்னால் சத்தம் போட்டாராம். அந்தச் செய்தி எங்களுக்கு முன்னரே வந்து சேர்ந்திருந்தது.

"நம்ம சிவப்பு தகடு எல்லாம் குட்டை செடியில. அவர் என்ன கேப்பார்? ஏன் நீங்க குட்டையா வளக்கிறீங்கன்னு கேப்பார். நான் என்ன சொல்ல?"

"உள்ளத சொல்லலாங்களே, மாத்தயா."

"முட்டைக்காரனும் உள்ளத தானே சொன்னான்."

அவருடைய திட்டம் இதுதான்: பாதையோரத்து இரண்டு வரிசையிலும் நல்ல உயரமான இருபத்தொரு செடியைப் பார்த்துச் சிவப்புத் தகடுகளை அங்கே மாற்றி நட வேண்டும். பெரியவர் போனதும் திரும்ப இருந்த இடத்திலேயே நட்டுவிடலாம். இரண்டு மணித்தியால வேலை. யாருக்கும் தெரியாது.

எனக்கு அப்போது நிரந்தர நியமனம் வரவில்லை. அதற்கான பட்டியலில் ஹேரத் மாத்தயாவின் கையெழுத்தும் வேண்டும். இதை நியாயமாகச் சொல்லவில்லை, நடந்ததாகச் சொல்கிறேன். மறுநாள் காலை தகடுகளைப் பிடுங்கினேன். எது எங்கே நின்றதென்று ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்: ஏழு, மூன்றாம் வரிசை பதினான்கு. எட்டு, பதினோராம் வரிசை இரண்டு. இப்படி இருபத்தொன்று. அந்தத் தாள் கையில் இருக்கிற தைரியத்தில்தான் செய்தேன்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன பெரியவர் மூன்று மணிக்கு வந்தார். முதலில் மலசலகூடத்துக்குப் போனார். வெளியே வந்து, இவ்வளவு சுத்தமான மலசலகூடத்தைத் தான் எந்தத் திணைக்களத்திலும் பார்த்ததில்லை என்று ஹேரத் மாத்தயாவின் தோளில் தட்டினார். அத்தோடு போயிருந்தால் எல்லோருக்கும் நல்லது. அவர் வயலையும் பார்க்க விரும்பினார். பாதையோரத்தில் வந்து நின்றார். நான் அளவுகோலோடு ஒரு பக்கமாக நின்றேன். அவர் சிங்களத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"இந்தச் சிவப்பு, நீங்கள் தெரிவு செய்த செடிகளா?"

"ஆமாம் சேர்" என்றார் ஹேரத் மாத்தயா.

"நல்ல உயரம். காய் எங்கே?"

"மண்ணுக்குள்ளே சேர்."

பெரியவர் செடியைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். "காய் மண்ணுக்குள்ளே என்றால், மேலே செடி எவ்வளவு உயரம் என்பதைப் பற்றி உங்களுக்கு என்ன கவலை?"

முப்பத்தோரு வருடத்தில் அந்த வயலில் வைத்து எவரும் கேட்ட கேள்விகளில் அதுதான் நல்ல கேள்வி. ஹேரத் மாத்தயா என்னைப் பார்த்தார். எனக்குப் பதில் தெரியும். பதில் தெரிந்த கேள்வியை ஒருவர் கேட்டுவிட்டால் வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றுதான் விளங்கியது.

"சேர், கச்சான் பூக்கிறது மேலேதான். பூ வாடினதும் அதிலிருந்து ஒரு விழுது கீழே இறங்கி மண்ணுக்குள் போகும். மண்ணுக்குள் போனால்தான் காய். செடி நெட்டையானால் உயரத்தில் பூக்கும், விழுது மண்ணை எட்டாமலே காய்ந்துவிடும். மழைக்குச் சாய்ந்தும் போகும். அதனால் குட்டைதான் நல்லது சேர்."

கடைசி வார்த்தையைச் சொல்லி முடித்த பிறகுதான் ஹேரத் மாத்தயாவின் முகத்தைப் பார்த்தேன்.

பெரியவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். மனிதர் கெட்டிக்காரர். "குட்டைதான் நல்லதென்றால் நெட்டையில் ஏன் சிவப்புத் தகடு வைத்திருக்கிறீர்கள்?"

தூரத்தில் ஒரு மயில் கத்தியது. ஹேரத் மாத்தயா தொண்டையைச் செருமினார்.

"அது... சிவப்பு, ஆகாதவை சேர். கழிப்பதற்கு அடையாளம் வைத்தது."

"அப்படியானால் ஏன் இன்னும் கழிக்கவில்லை? இந்த நாட்டில் எங்கேயும் இதுதான் கதை. அடையாளம் வைப்பார்கள், கழிக்கமாட்டார்கள்."

சொல்லிக்கொண்டே வரப்பைத் தாண்டி இறங்கி, முதலாவது செடியைத் தன் கையாலேயே பிடித்து இழுத்தார். மழை பெய்த மண். வேரோடு வந்தது. கூட வந்தவர் படம் எடுத்தார். பெரியவர் செடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "மற்றதையும் எடு" என்று என்னிடம் சொன்னார்.

மீதி இருபதையும் நான் பிடுங்கினேன். அவர் நின்று எண்ணினார்.

போகும்போது தம்புள்ளைக் கூட்டமொன்றில் பண்ணையைப் பற்றி நாலு வார்த்தை பேசப்போவதாகவும், விபரம் எழுதித் தரும்படியும் கேட்டார். ஹேரத் மாத்தயா அவசரமாகத் தாள் தேடினார். என் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த தாளை எடுத்து, பின்பக்கத்தில் பண்ணையின் விபரங்களை எழுதி மடித்து நீட்டினார். பெரியவர் அதைப் பையில் வைத்துக்கொண்டு வாகனத்தில் ஏறினார். வாகனம் கேட்டைத் தாண்டிய பிறகுதான் அது எந்தத் தாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது.

அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்த லொறிச் சாரதி ஒருவர் பிறகு சொன்னார்: பெரியவர் மேடையில் தாளை விரித்து, "ஏழு, மூன்றாம் வரிசை பதினான்கு" என்று கம்பீரமாகத் தொடங்கினாராம். சனம் கைதட்டியதாம்.

தகடுகள் ஒரு குவியலாகக் கிடந்தன. குட்டைச் செடிகள் இருபத்தொன்றும் வயலில் பத்திரமாக நின்றன. எது எந்த எண் என்றுதான் தெரியாது. "எல்லாம் குட்டை தானே பெரியசாமி. ஏதோ ஒண்ணுல குத்து" என்றார் ஹேரத் மாத்தயா. என்னால் அப்படிக் குத்த முடியவில்லை. ஒவ்வொன்றும் பூத்த நாள், கிளை எல்லாம் அந்த எண்ணின் கீழ் மிஸ்ஸின் கொப்பியில் இருந்தது. என் கொப்பியில் பத்து நாளுக்கு முந்திய உயரங்கள் இருந்தன. இரண்டு நாள் காலையில் இருபத்தொன்றையும் அளந்தேன். பத்து நாளில் எது எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து, அரைச் சென்ரிமீற்றர் வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தகடாக நட்டேன். பிறகு, பிடுங்கிய இடங்களை மண்வெட்டியால் கிளறிவிட்டேன். ஒரு காட்டுப் பன்றி செய்ய வேண்டிய வேலையை அன்று நான் செய்தேன்.

மிஸ் வந்ததும் நேரே வயலுக்குத்தான் போனார். எண்ணினார்.

"முந்நூற்றிப் பதினைஞ்சு. மற்ற இருபத்தொண்டும் எங்கை?"

"பன்றிங்க மிஸ்" என்றேன். ஹேரத் மாத்தயா பின்னால் நின்று பலமாகத் தலையாட்டினார்.

"குட்டை எத்தினை போட்டுது?"

"ஒண்ணும் போகலீங்க."

"நெட்டை மட்டுமோ? இருபத்தொண்டும் நெட்டையோ?"

"ஆமாங்க மிஸ்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. இழப்புக்கான காரணம் என்ற கட்டத்தில் 'காட்டுப் பன்றி' என்று எழுதிவிட்டு, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் யோசித்த விதம் முற்றிலும் சரியானது. அதுதான் என்னைக் கொன்றது. பன்றி கண்டபடி தின்றால் நெட்டையும் குட்டையும் கலந்துதான் போக வேண்டும். இருபத்தொன்றும் நெட்டை என்றால், பன்றிக்கு நெட்டையில் ஏதோ விருப்பம் இருக்கிறது. அப்படியானால் முந்திய பதினொரு போகத்திலும் பன்றி வந்து போன வயல்களில் நெட்டைகள்தான் குறைந்திருக்கும். அந்தக் கணக்குகள் எல்லாம் பிழை. பதினாறுக்கு ஒன்று என்பதை மரபணு சொன்னதா, பன்றி சொன்னதா?

மேசையில் பதினொரு போகத்துக் கொப்பிகளையும் அடுக்கிவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் முகப்பிலும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். மத்தியானச் சாப்பாடு அப்படியே இருந்தது. மறுநாள் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். விதைக்காக வைத்திருந்த துண்டு நிலத்தில் நெட்டையும் குட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அந்தப் பக்கத்து வேலியைத் திறந்துவிடச் சொன்னார். பன்றி வரட்டும், எதைத் தின்கிறது என்று பார்ப்போம். பண்ணை தொடங்கிய நாளிலிருந்து பன்றியை விரட்டிக்கொண்டிருந்த காவற்காரர், வேலியைத் திறந்துவைக்கும் உத்தரவை எழுத்தில் கேட்டார். மிஸ் எழுதிக் கொடுத்தார்.

ஒவ்வொரு வருடமும் கூட்டமாக வந்து நாசம் செய்யும் பன்றிகள், வேலி திறந்ததும் ஏனோ வரவேயில்லை. சும்மா திறந்திருக்கிற வேலியில் அவற்றுக்குச் சந்தேகம் வந்ததோ என்னவோ. தினமும் விடிந்ததும் மிஸ்ஸும் நானும் போய்ப் பார்ப்போம். ஒரு செடி அசைந்திருக்காது. 'வரவில்லை' என்று எழுதுவார். ஒன்பது நாள் இப்படிப் போனது. மிஸ் மெலிந்துகொண்டே வந்தார். கொப்பிகளில் கேள்விக்குறி கூடிக்கொண்டே போனது.

ஒன்பதாம் நாள் காலை நான் கொஞ்சம் பிந்திப் போனேன். திறந்த வேலியருகே, சேற்றில் சேலையோடு முழங்காலில் நின்று, மிஸ் ஒரு காலடித் தடத்தை அளந்துகொண்டிருந்தார்.

"பெரியசாமி, ஓடி வாங்கோ. நீளம் ஆறரை. இது பன்றிதானே?"

பார்த்தேன். நாலு விரல், நகம்.

"இது நம்ம காவக்காரரோட நாய்ங்க மிஸ்."

"ஓ" என்றார். அளவுகோலைத் துடைத்தார். "பறவாயில்லை. நாளைக்கு வரும்."

"வராதுங்க மிஸ்."

"ஏன் வராது?"

"அன்னைக்கும் வரலீங்க."

மிஸ் எழும்பவில்லை. முழங்காலில் நின்றபடியே என்னை அண்ணாந்து பார்த்தார். என்னை அண்ணாந்து பார்த்த பெரிய ஆள் என் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான். தகடு மாற்றியது, பெரியவர் கேட்டது, நான் பதில் சொன்னது, பிடுங்கியது, தாள் போனது எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விட்டது என்றே முடிவு செய்திருந்தேன்.

எல்லாம் கேட்ட பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி: "ஆர் எத்தினை பிடுங்கினது?"

"மொத செடிய அவருங்க. மத்த இருபதும் நான்."

கொப்பியைத் திறந்தார். 'காட்டுப் பன்றி' என்பதன் மேல் ஒற்றைக் கோடு போட்டார். கீழே எழுதினார்: 'விருந்தினர் - 1. கள உதவியாளர் - 20.' என்னிடம் பேனாவைக் கொடுத்துப் பக்கத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார். பிறகு ஹேரத் மாத்தயாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். பத்து நிமிடத்தில் ஹேரத் மாத்தயாவும் வெளியே வந்து, எனக்குக் கீழே கையெழுத்து வைத்தார்.

அடுத்து தகடுகள். மிஸ்ஸின் கொப்பியில் ஒவ்வொன்றும் நின்ற வரிசையும் இடமும் இருந்தது. கொப்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு செடியாகப் போனோம். அவர் எண்ணைப் படிப்பார், நான் தகட்டைத் திருப்பிக் காட்டுவேன். முதல் ஏழும் சரி. எட்டாவது நிற்க வேண்டிய இடத்தில் பதினைந்து நின்றது. பதினைந்து நிற்க வேண்டிய இடத்தில் எட்டு நின்றது. மற்றது எல்லாம் சரி.

"பத்தொன்பது சரி, ரண்டு பிழை" என்றார். "எட்டும் பதினைஞ்சும் ஏன் மாறினது?"

"ரெண்டும் பதினாறு சென்ரிமீற்றர்ங்க மிஸ். பிரிக்க முடியல."

"அப்ப சரி" என்றார். அன்று மத்தியானம் அவர் சாப்பிட்டதைப் பார்த்தேன். பிறகு அழிறப்பரை எடுத்து, கொப்பிகளின் முகப்பிலிருந்த கேள்விக்குறிகளை ஒவ்வொன்றாக அழித்தார். அவர் எதையாவது அழித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வேலியைத் திரும்ப அடைத்த மூன்றாம் நாள் பன்றிகள் வேலியை முறித்துக்கொண்டு வந்தன. பரிசோதனைத் துண்டில் நெட்டை, குட்டை, குத்தியிருந்த குச்சி எதையும் மிச்சம் வைக்கவில்லை. 'உயரம் சார்ந்த விருப்பம் எதுவும் இல்லை' என்று மிஸ் முறைப்படி எழுதினார். குட்டைகளுக்குப் பிறகு என்ன நடந்ததென்று நஸ்ரினா கேட்பாள். அடுத்த போகத்தில் அவற்றின் விதையை விதைத்தோம். இருபத்தொரு குடும்பத்திலும் ஒரு நெட்டை இல்லை. காய் சிறிது என்பதால் அவை அப்படியே பயிரிடக் கமக்காரரிடம் போகவில்லை. வேறு செடிகளோடு திரும்பத் திரும்பக் கலந்தோம், நானும் திரும்பத் திரும்ப அளந்தேன். இரண்டு சோடி மரபணு என்ற முடிவு மாறவில்லை.

பன்றிக் கதை நடந்து நாலு மாதத்துக்குப் பிறகு நிரந்தர நியமனத்துக்கான நேர்முகத் தேர்வு வந்தது. மேலதிகாரியின் கடிதமொன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். மிஸ் தட்டச்சு செய்து, உறையிலிட்டு ஒட்டி, என்னிடம் தந்தார். என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. தேர்வுக் குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கடிதத்தைப் பிரித்தார். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, மற்ற இருவருக்கும் கேட்கச் சத்தமாக வாசித்தார்.

"இவர் ஒரு தடவை என்னிடம் பொய் சொன்னார். அந்தப் பொய்யைக் காட்டுப் பன்றியின் மீது சுமத்தினார். பின்னர் எவரும் கேட்காமலே தாமாக உண்மையைச் சொன்னார். பொய் சொல்லத் தெரியாதவர். இருபத்தொரு செடிகளை அரைச் சென்ரிமீற்றர் வித்தியாசத்தைக் கொண்டு அடையாளம் காண வல்லவர், அதில் இரண்டு பிழை. அளவெடுக்கும் வேலைக்கு இவரைச் சிபாரிசு செய்கிறேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். ஒருவருக்கு இருமல் வந்து தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று. "என்ன பன்றி?" என்று கேட்டார்கள். சொன்னேன். என்னிடம் வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வேலை எனக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

பின்னேரம் பஸ் இறங்கி நேரே மிஸ்ஸிடம் ஓடினேன். அவர் விதை எண்ணிக்கொண்டிருந்தார்.

"கிடைச்சிருச்சுங்க மிஸ்!"

"நல்லது. கடிதம் வாசிச்சவையோ?"

"சத்தமா வாசிச்சாங்க. மூணு பேரும் சிரிச்சாங்க மிஸ்."

விதை எண்ணிய கை நின்றது. "ஏன் சிரிச்சவை? அதிலை சிரிக்க என்ன இருக்கு?"

"தெரியலீங்க மிஸ்."

"எந்த வசனத்துக்குச் சிரிச்சவை?"

"பொய் சொல்லத் தெரியாதவர்ங்கிற எடத்துலதாங்க ரொம்ப சிரிச்சாங்க."

மிஸ் இழுப்பறையைத் திறந்து கடிதத்தின் பிரதியை எடுத்தார். அந்த வரியில் விரலை வைத்து நெடுநேரம் பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

"அவை சிரிச்சது சரி. வசனம் பிழை. நான் ஒன்பது நாள் நம்பினனான்தானே. அப்ப உங்களுக்குப் பொய் சொல்லக் கொஞ்சம் தெரியும்."

"விடுங்க மிஸ், அதான் வேலை கிடைச்சிருச்சே."

அவர் விடவில்லை. எண்ணிய விதையை மூடிவைத்துவிட்டுத் தட்டச்சுப் பொறியின் முன்னால் உட்கார்ந்தார். மறுநாள் தபாலில் தேர்வுக் குழுவுக்கு ஒரு திருத்தக் கடிதம் போனது. என் சேவைக் கோப்பில் அது இன்றைக்கும் இருக்கும்: 'மேற்படி கடிதத்தின் நான்காவது வசனத்தை, ஒன்பது நாட்களுக்கு மேல் பொய் சொல்லத் தெரியாதவர் என்று திருத்தி வாசிக்கவும்.'